டிசையர் டீசலில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கை எடுத்துவிட்டு வெளியே தனி ஃபில்டர் மாட்டலாமா?

திருச்சி_டிசையர் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். 2014 டிசையர் டீசல், மஞ்சள் போர்டு, நானே ஓட்டுகிறேன். 2,36,000 கி.மீ. ஆகிவிட்டது. போன வாரம் சமயபுரம் சவாரி முடித்து பானெட்டைத் திறந்தால் கூலண்ட் டப்பாவில் காபி மாதிரி நுரை. விரலை விட்டுத் தேய்த்தால் வழவழவென்று ஆயில்.

என் மெக்கானிக் பார்த்துவிட்டு ஆயில் கூலர் போய்விட்டது என்றார். இந்த இன்ஜினில் கூலண்டை வைத்து ஆயிலைக் குளிரவைக்கும் கூலரும், ஃபில்டர் உட்காரும் கூடான ஹவுசிங்கும் ஒரே செட். புதிது வாங்க அவர் சொன்ன தொகை என்னால் இப்போது முடியாது, பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். அவரே ஒரு வழி சொன்னார்: ஹவுசிங்கை மொத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லேத்தில் கடைந்த ஒரு பிளேட் வைத்து, அதிலிருந்து இரண்டு ஹோஸ் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிய வண்டி ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடலாம். மொத்தம் 4,500 ரூபாய். "பெரிய ஃபில்டர், ஆயிலும் கூடப் பிடிக்கும், இன்ஜினுக்கு நல்லதுதான்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பிப்பதாகப் பேச்சு. செய்யலாமா?

---

நாமக்கல்_பட்டறை | வெள்ளி, இரவு 10.25

தம்பி, ஞாயிறு வேலையை முதலில் நிறுத்திவையுங்கள். வண்டியையும் எடுக்காதீர்கள், சவாரி போனாலும் பரவாயில்லை.

கூலர்தான் போயிருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னார்? இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் பேக்கிங் போனாலும் கூலண்டில் ஆயில் வரும். கூலரைக் கழற்றி, ஆயில் வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கூலர். வராவிட்டால் கூலருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கும் சீலைப் பாருங்கள். சீல் மட்டும் போயிருந்தால் செலவு நூற்றுக்கணக்கில் முடிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமலே ஹவுசிங்கைத் தூக்கி எறியச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது, இன்னொரு ஆபத்து. ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். கூலண்ட் ஒன்று, ஒன்றேகால் பார்தான். அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் பூஜ்யம், கூலண்டோ சூட்டில் இன்னும் அழுத்தத்தோடு நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் வரும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பழுப்பாக, மோர் கலந்த மாதிரி இருந்தால் ஸ்டார்ட் கூடச் செய்யக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 30 வருடமாக லாரி, வேன், கார் எல்லாம் பார்க்கிறேன். ஃபில்டர் என்றால் டீ வடிகட்டி மாதிரி, எங்கே வைத்தாலும் வடிகட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பிலிருந்து பம்ப் இழுக்கும் ஆயில் மொத்தமும் ஃபில்டர் வழியாகப் போய்த்தான் மெயின் கேலரிக்கு, அதாவது பிளாக்குக்குள் இருக்கும் முக்கிய ஆயில் வழிக்கு, வருகிறது. அங்கிருந்து கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, ஹெட், டர்போ எல்லாவற்றுக்கும் பிரிகிறது. உங்கள் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. வால்வு இயக்கத்தில் இருக்கும் டாப்பெட்டும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகைதான். ஃபில்டரில் கை வைத்தால் இத்தனை இடத்திலும் கை வைத்த மாதிரி. டர்போ தண்டு சுமையில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றும், அதைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான். நாலைந்து விநாடி ஆயில் தாமதமாக வந்தால் கூட அதற்குப் பெரிய விஷயம்.

அப்புறம் அந்தக் கூலர். அதை எடுத்துவிட்டால் உங்கள் ஆயிலைக் குளிரவைக்க என்ன இருக்கிறது? நாலு பேரும் சாமானும் ஏற்றி, ஏசி போட்டு, சித்திரை வெயிலில் கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பாருங்கள். இதைப் பற்றி உங்கள் மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னாரா?

---

கோவை_ஜீப் | வெள்ளி, இரவு 11.10

அண்ணன் சொல்வதில் பாதி சரி, ஆனால் ஃபில்டரை வெளியே வைப்பதே தப்பு என்ற மாதிரி ஆகிவிடக் கூடாது. பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஃபில்டர் மாட்டும் தனி ஹெட் போட்டு அதை வெளியே கொண்டுவந்தேன், 20,000 கி.மீ. ஓடிவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. லாரியிலும் பஸ்ஸிலும் கம்பெனியே அப்படி வைப்பது உண்டு. ஒழுங்கான ஹோஸ், ஒழுங்கான ஃபிட்டிங் போட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. 4,500 ரூபாயில் அது முடியுமா என்பதுதான் கேள்வி.

---

ஓசூர்_ஃபில்டர் | சனி, காலை 7.05

நான் ஃபில்டர் தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். நாமக்கல் அண்ணன் தொட்டுவிட்டுப் போன இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "பெரிய ஃபில்டர் நல்லது" என்ற பேச்சை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன்.

தகர டப்பா ஃபில்டர் ஒன்றை அறுத்துப் பாருங்கள். காகித மடிப்பு எல்லோருக்கும் தெரியும். அதோடு இரண்டு வால்வு இருக்கும். ஒன்று அடித்தட்டுக்குக் கீழே படுத்திருக்கும் ரப்பர் வளையம். இன்ஜின் நின்றதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கு வழிந்து ஓடாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால், அல்லது சூட்டில் இறுகிவிட்டால், தினமும் காலையில் ஃபில்டர் காலியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் முதலில் டப்பாவை நிரப்பி, அப்புறம்தான் பேரிங்குக்கு அனுப்பும். உங்களுக்கு இரண்டு ஹோஸ் வேறு சேர்கிறது, அதையும் நிரப்பியாக வேண்டும். காலையில் செயின் சத்தம் ஒரு நொடி கடகடவென்று கேட்டு அடங்கினால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால், அல்லது குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து காகிதத்துக்குள் போகாவிட்டால், இது திறந்து வடிகட்டாத ஆயிலையாவது உள்ளே விடும். பட்டினி போடுவதைவிட அழுக்குச் சோறு மேல் என்ற கணக்கு. எத்தனை அழுத்த வித்தியாசத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. பல கார்களில் அது ஒரு பாரை ஒட்டி இருக்கும். சீக்கிரம் திறந்தால் அழுக்கு உள்ளே போகும். திறக்கவே இல்லை என்றால் மடிப்பு நசுங்கும், காகிதமே கிழிந்து கேலரிக்குள் போன கேஸ் எங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது.

திருச்சி நண்பர் கவனிக்க வேண்டியது இங்கேதான். உங்கள் வண்டியில் இருப்பது டப்பா இல்லாத, காகித எலிமெண்ட் மட்டும் மாற்றும் வகை. இந்த வகையில் பைபாஸ் வால்வு பெரும்பாலும் ஹவுசிங்கில்தான் இருக்கும், எலிமெண்டில் இருக்காது. ஹவுசிங்கை எடுத்தால் வால்வும் சேர்ந்து போகிறது. அதற்குப் பதிலாக மாட்டப் போகும் பெரிய வண்டி ஃபில்டரில் வால்வு இருக்கிறதா? சில இன்ஜின்களில் வால்வு பிளாக்கிலோ ஃபில்டர் ஹெட்டிலோ இருப்பதால் டப்பாவில் வைக்கவே மாட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் கூடக் கையில் வைத்துச் சொல்ல முடியாது.

---

திருச்சி_டிசையர் | சனி, காலை 8.30

விரிவாகச் சொன்னதற்கு நன்றி. டிப்ஸ்டிக் பார்த்தேன், ஆயில் கருப்பாகத்தான் இருக்கிறது, மோர் மாதிரி இல்லை. வண்டியை நிறுத்திவிட்டேன். ஒரு சந்தேகம். வால்வு உள்ள ஃபில்டராகத் தேடி வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? மெக்கானிக் எனக்கு மாமன் முறை, முகத்தை முறித்துக்கொள்ள முடியவில்லை. அவரிடம் சொல்ல எனக்குக் காரணம் வேண்டும்.

---

நாமக்கல்_பட்டறை | சனி, காலை 9.15

காரணம்தானே, நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு டீசல் வேனை லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். வேறு ஊரில் இன்ஜின் வேலை பார்த்து, இதே மாதிரி ஹோஸ் போட்டு ஃபில்டரை வெளியே மாட்டியிருந்தார்கள். வேலை முடித்து ஸ்டார்ட் செய்து, பட்டறையை விட்டு இரண்டு கி.மீ. கூடப் போகவில்லை, ஜாம். சம்ப்பில் ஆயில் நிறைய இருக்கிறது. பம்ப் புதுசு. ஃபில்டர் புதுசு. எனக்கே ஒன்றும் புரியவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். டப்பாவுக்குள் ஆயில் இருந்தது, ஆனால் அங்கிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் வழி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

அப்புறம்தான் ஹோஸைப் பார்த்தேன். மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஆயில் ஃபில்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போய், நடு ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். இவர்கள் நடுவில் அனுப்பியிருக்கிறார்கள். தம்பி ஓசூர் சொன்ன அந்த ரப்பர் வளையம் எதிர்ப் பக்கம் வந்த அழுத்தத்தில் ஓர ஓட்டைகளை இறுக மூடிக்கொண்டது. பைபாஸ் வால்வும் அந்தத் திசையில் திறக்காது. அத்தனையும் புதுச் சாமான், ஆனால் ஒரு துளி ஆயில் கூட பேரிங்குக்குப் போகவில்லை. கிராங்க்கை எடுத்துப் பார்த்தால் மூன்றாவது ஜர்னல், அதாவது பேரிங் உட்காரும் இடம், நீலம் பாய்ந்திருந்தது, பேரிங் ஷெல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உருகி ஒட்டியிருந்தன. அந்த டிரைவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேனுக்குத் தவணை பாக்கி.

கம்பெனி ஹவுசிங்கில் இந்தத் தப்பு செய்யவே முடியாது, ஏனென்றால் மாற்றி மாட்ட வழியே இல்லை. இதை உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை, உங்கள் செலவைக் குறைக்கத்தான் பார்க்கிறார்.

ஹோஸ் பற்றியும் கேளுங்கள். ஹைட்ராலிக் ஹோஸ் போடுவேன், நூற்றுக்கணக்கான பார் தாங்கும் என்பார். அழுத்தம் தாங்கும், அதில் சந்தேகமே இல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு கம்பிப் பின்னல் ஹோஸுக்கு வெப்ப அளவு 100 டிகிரிதான். கூலர் இல்லாத டர்போ டீசலில் மேடு ஏறும்போது ஆயில் 120ஐத் தாண்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை. உள்ளே ரப்பர் இறுகிப் பொடிப் பொடியாக உதிரும். அந்தப் பொடி ஃபில்டரைத் தாண்டிய பக்கத்து ஹோஸில் உதிர்ந்தால் நேராக பேரிங்குக்குத்தான் போகும், வடிகட்ட அதற்கு மேல் எதுவும் இல்லை. ஹோஸ் வெடித்தால் 3, 4 பாரில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் டர்போ சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும். வண்டிக்குள் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

---

யாழ்_கொரோலா | சனி, காலை 11.50

வணக்கம் அண்ணாமார். ஃபில்டர் கதை என்றபடியால் நானும் ஒன்று எழுதுகிறேன். இது ஹோஸ் போட்ட கதை இல்லை, ஆனால் கம்பெனி சொன்ன ஃபில்டரை விட்டு வேறொன்றைப் போட்டதால் வந்த வினை.

எங்கட வீட்டில் பழைய 110 கொரோலா, பெற்றோல். தம்பி அவசரத்துக்கு ஒரு கராஜில் ஒயில் மாற்றினவன். அங்கே இருந்த ஃபில்டர் அளவாக இருக்குது, சுற்றிப் பார்த்தால் இறுகுது, சரி என்று விட்டுவிட்டார்கள். நாலு நாள் கழித்துக் கொழும்புக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் கற்பூரம் கொளுத்த இறங்கினால் வாகனத்துக்குக் கீழே புகை. குனிந்து பார்த்தால் ஃபில்டர் கையாலே ஆடுது. எக்ஸோஸ்டில் ஒயில் சொட்டிக் கொண்டிருந்தது. பின்னுக்கு ரோட்டில் கறுப்புக் கோடு நீளத்துக்குக் கிடந்தது. அன்று அந்த இடத்தில் நாங்கள் நிற்பாட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இப்பவும் சொல்லுவா.

பிறகுதான் விளங்கினது. டொயோட்டாவின் சின்ன பெற்றோல் இன்ஜின்களில் ஃபில்டர் ஏறுகிற மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. அதாவது 19.05 மில்லிமீற்றர். ஹொண்டா, ஹூண்டாய் ஃபில்டர்களில் 20 மில்லிமீற்றர், புரி இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கிறபடியால் 20 மில்லிமீற்றர் ஃபில்டர் முக்கால் அங்குல ஸ்டட்டில் ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும். பிடிக்கிறது மரையின் நுனி மட்டும்தான். கராஜ்காரரில் பிழை சொல்லி என்ன, கையில் பிடித்தால் வித்தியாசமே தெரியாது.

---

ஓசூர்_ஃபில்டர் | சனி, பிற்பகல் 1.20

யாழ் நண்பர் சொன்னது மிக முக்கியமான விஷயம். பார்த்தால் பொருந்தும், சுற்றினால் இறுகும் என்பது ஃபில்டருக்கு அளவுகோலே இல்லை. லேத்தில் கடையும் பிளேட்டுக்கும் இதுதான். எந்த ஸ்டட் வைத்துக் கடைந்தார்கள் என்பது ஆறு மாதம் கழித்து ஃபில்டர் மாற்றும் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பழைய ஃபில்டரின் ரப்பர் பேக்கிங் அடித்தட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, கவனிக்காமல் அதன் மேல் புதியதை ஏற்றி, நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் போன கேஸ்களும் எனக்குத் தெரியும்.

---

கோவை_இளைஞன் | சனி, பிற்பகல் 2.00

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பைக்கில் கழுவிக் கழுவிப் போடும் ஸ்டீல் வலை ஃபில்டர் போடலாம் என்று இருக்கிறேன். ஒருமுறை வாங்கினால் போதும் என்கிறார்கள். அதுவும் ஆபத்தா?

---

ஓசூர்_ஃபில்டர் | சனி, பிற்பகல் 2.35

தம்பி, வலை என்பதால் ஆயில் சுலபமாகப் போகும், அது உண்மை. ஆனால் பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுமார் 25 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த அளவுத் துகளைப் பிடிக்கத்தான் காகிதத்தை அடுக்கடுக்காக வைக்கிறோம். ஐஎஸ்ஓ 4548 பகுதி 12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அளவு தெரிந்த தூசியை ஆயிலில் கலந்து திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவோம். விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: வலைக் கண்ணில் மாட்டியதைக் கழுவும்போது எல்லாம் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புது எலிமெண்ட் அதிக விலை இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள்.

---

மதுரை_டிராவல்ஸ் | சனி, மாலை 5.10

திருச்சித் தம்பிக்கு, ஐந்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்தும் அக்காவாகச் சொல்கிறேன். இயந்திரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கணக்கு தெரியும்.

2019இல் என் வண்டி ஒன்றில் டிரைவர் என்னைக் கேட்காமல் "பெரிசு போட்டா நல்லது" என்று இரண்டு அங்குலம் நீளமான ஃபில்டர் போட்டுவிட்டார். ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. கன்னியாகுமரி சவாரி முடிந்து திரும்பும்போது, கோவில்பட்டிக்கு முன்னால் சாலை வேலை நடந்த இடத்தில் ஜல்லி ஒன்று கீழே அடித்திருக்கிறது. கம்பெனி அளவு ஃபில்டர் என்றால் அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் சட்டத்துக்கு மேலே அடங்கி இருந்திருக்கும். இது கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்ததை டிரைவர் பார்த்தார். இரவு நேரம், குடும்பத்தோடு பயணிகள், இருட்டில் நிறுத்த மனம் இல்லாமல் அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம் என்று நாலு கி.மீ. ஓட்டியிருக்கிறார். பங்க் வெளிச்சம் தெரியும்போது இன்ஜின் நின்றது.

இன்சூரன்ஸில் கேட்டேன். கல் அடித்த ஃபில்டருக்கு வேண்டுமானால் தருவோம், ஆயில் இல்லாமல் ஓட்டியதால் இன்ஜின் போனது தொடர் இழப்பு, அது பாலிசியில் இல்லை என்றார்கள். பாலிசியை எடுத்துப் படித்தால் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இயந்திரக் கோளாறும் அதில் இல்லை. அவர்களோடு சண்டை போட எனக்கு வழியில்லை. அந்த வண்டி 47 நாள் நின்றது. டிரைவரை நான் திட்டவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஒரு விதி: ஃபில்டர் பார்ட் நம்பர் என் நோட்டில் இருக்கும், அதைத் தவிர வேறு எதுவும் என் வண்டியில் ஏறக் கூடாது.

---

நாமக்கல்_பட்டறை | சனி, மாலை 6.00

அக்கா சொன்ன அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பல பேர் அதை நம்பித்தான் தைரியமாக இருக்கிறார்கள். "ஏதாவது ஆனால் விளக்கு எரியுமே" என்பார்கள். அந்த சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் அரை பார் அளவுக்குக் கீழே போனால்தான் எரியும். 3,000 சுற்றில் மூன்றரை பார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பார் மட்டும் இருந்தாலும் விளக்கு எரியாது. ஹோஸ் மடங்கி வழி குறுகினாலும், லேத் பிளேட்டில் ஓட்டை சின்னதாகப் போட்டிருந்தாலும், டேஷ்போர்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். எரியும் நேரத்தில் மிச்சம் இருப்பது சில விநாடிகள். எரிந்தால் இடம் பார்க்காமல் ஓரம் கட்டி இன்ஜினை அணைப்பது ஒன்றுதான் வழி.

---

கோவை_ஜீப் | சனி, இரவு 8.45

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நேற்று "பயப்பட ஒன்றும் இல்லை" என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். என் ஜீப்பில் ஏன் ஓடுகிறது என்று யோசித்தால், டர்போ இல்லாத பழைய இன்ஜின், செயின் டென்ஷனர் கவலை இல்லை, 150 டிகிரி தாங்கும் ஹோஸ் போட்டு முனைகளை அழுத்தி இறுக்கினேன், கிளிப் போடவில்லை. ஆயில் பிரஷர் மீட்டர் வைத்திருக்கிறேன், கண் அதன் மேல்தான் இருக்கும். ஞாயிறுதோறும் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். அதற்கு ஆன செலவைக் கூட்டினால் திருச்சி நண்பரின் புது ஹவுசிங் விலைக்குக் குறையாது. மாதம் 300 கி.மீ. ஓடும் ஜீப்பையும் நாளைக்கு 300 கி.மீ. ஓடும் டாக்சியையும் ஒன்றாகப் பேசியது என் தவறு.

---

திருச்சி_டிசையர் | ஞாயிறு, இரவு 9.30

காலையில் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். வேன் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, கழற்றிப் பார்ப்போம், சீலா கூலரா என்று தெரியட்டும்" என்றார்.

ஹவுசிங்கை இறக்கி, நாமக்கல் அண்ணன் சொன்ன மாதிரி ஆயில் வழியை அடைத்து, கம்ப்ரஸரில் காற்று விட்டு, குளிக்கும் வெந்நீர் பக்கெட்டில் முக்கினோம். சீல் இருந்த பக்கம் ஒன்றும் இல்லை. கூலரின் மூலையில், தட்டுகள் சேரும் விளிம்பில், கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக வந்தன. தூக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து அரித்திருந்தது. தண்ணீர் வழிக்குள் செம்மண் மாதிரி துரு.

இதில் வண்டியின் குற்றம் ஒன்றும் இல்லை, என் குற்றம். மூன்று வருடமாகக் கூலண்ட் வாங்காமல் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இருந்தேன். உப்புத் தண்ணீர். அலுமினியம் எவ்வளவு நாள் தாங்கும். மாமாவும் பல தடவை சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்கவில்லை.

இன்னொன்று. பழைய எலிமெண்டை வெட்டி, மடிப்பைப் பிரித்து, வெயிலில் செய்தித்தாள் மேல் விரித்தோம். கரிதான், மின்னும் துகள் எதுவும் இல்லை. மாமா காந்தம் வைத்துப் பார்த்தார், பேரிங் ஷெல் துகள் காந்தத்தில் ஒட்டாது என்று சொல்லி வெளிச்சத்திலும் சாய்த்துப் பார்த்தார். பேரிங்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன்.

ஹவுசிங் நன்றாக இருப்பதால் கூலர் மட்டும், சீலோடு, புதிதாக வாங்கலாம் என்று முடிவு. தெரிந்த கடையில் விலை கேட்டேன், 4,500ஐத் தாண்டுகிறது, ஆனால் முழு செட் விலையில் பாதிக்கும் கீழே. என் மனைவியின் சுய உதவிக் குழுவில் இருந்து எடுத்துக்கொள்கிறோம்.

---

நாமக்கல்_பட்டறை | ஞாயிறு, இரவு 10.05

நெஞ்சுக்கு நிம்மதியாக இருக்கிறது தம்பி. மாமாவுக்கும் என் வணக்கம் சொல்லுங்கள், காந்தம் விஷயம் தெரிந்தவர் என்றால் கைப்பழக்கம் உள்ளவர்தான்.

மாட்டும்போது கவனிக்க: பழைய ஓ-ரிங்கை எதற்கும் திரும்பப் போடாதீர்கள், ஹவுசிங் மூடிக்கும் சேர்த்துத்தான். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி மாட்டுங்கள். மூடி பிளாஸ்டிக், பலம் காட்டி இறுக்கினால் விரிசல் விடும். பல மூடிகளில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மேலேயே அச்சிட்டிருக்கும், டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவோடு நிறுத்துங்கள். எலிமெண்ட் கீழ்ப்பக்கம் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரம் வேண்டாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி வைத்துக்கொண்டு விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள், ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் இரண்டு நிமிடம், ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது.

கூலண்ட் பக்கம் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. ஆயில் எல்லா ஹோஸிலும் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். அதற்கென்று இருக்கும் கிளீனர் வாங்கி, இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, வடித்து, மறுபடி நல்ல தண்ணீர். தெளிவாக வரும்வரை. நாலைந்து தடவை ஆகும். கையில் அழுத்தினால் பஞ்சு மாதிரி இருக்கும் ஹோஸை மாற்றிவிடுங்கள். கடைசியாகக் கூலண்ட், கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர். ஆயிலையும் இப்போதே மாற்றி, 1,000 கி.மீ.யில் இன்னொரு தடவை மாற்றுங்கள்.

---

திருச்சி_டிசையர் | அடுத்த வியாழன், இரவு 10.50

நேற்று கூலர் வந்தது, இன்று மாட்டிவிட்டோம். ஐந்து தடவை கழுவினோம், நாலாவது தடவையிலும் மேலே மெல்லிய வானவில் மிதந்தது, ஐந்தாவதில் இல்லை. மேல் ரேடியேட்டர் ஹோஸ் பஞ்சாகிப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். செல்ஃப் அடித்து விளக்கு அணைய நான் எண்ணியது பதினொன்று வரை. அப்புறம் ஸ்டார்ட். செயின் சத்தம் இல்லை.

மாலையில் வண்டியைத் துவாக்குடி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஆறவிட்டு மூடியைத் திறந்து பார்த்தால் கூலண்ட் பச்சையாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஃபில்டர் மூடியைச் சுற்றித் துணியால் துடைத்தேன், காய்ந்தே வந்தது. ஞாயிறு காலை இன்னொரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நாளைக்கு வேளாங்கண்ணி சவாரி ஒத்துக்கொண்டிருக்கிறேன்.